மொதலாவது சிஸ்டரும் புளியங்கொட்டைத் தேர்தலும்

கடவுளே நேரில் வந்து "மூன்று வரம் கேள்" என்று சொன்னாலும், "மொதலாவத மட்டும் இப்ப குடுங்க சாமி, அது ஒழுங்கா வேல செய்யுதான்னு பாத்துட்டு மத்தத யோசிக்கலாம்" என்று அவரைத் திருப்பி அனுப்பக்கூடிய ஒரே பிறவி, எனக்குத் தெரிந்து எங்கள் மொதலாவது சிஸ்டர்தான். அவருக்கு அப்பா அம்மா வைத்த பேர் ஒன்று உண்டு. மாதாமாதம் சம்பளப் பட்டியலில் அதை நானே டைப் அடித்திருக்கிறேன். ஆனால் அந்தப் பேரைச் சொல்லிக்கொண்டு யாராவது ஆஸ்பத்திரிக்கு வந்தால், "அப்படி யாரும் இங்க இல்லியே" என்று வாட்ச்மேன் திருப்பி அனுப்பிவிடுவார்.

எண்பதுகளின் நடுவில், ஓசூர்–ராயக்கோட்டை சாலையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. ஊர்ப் பேரைச் சொல்லமாட்டேன். அந்த ஊரில் இரண்டு பேர் இந்தப் பத்திரிகை வாங்குகிறார்கள், அவர்களோடு எனக்கு வம்பு வேண்டாம். நான் அங்கே ஒரே கிளார்க். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வேலை கிடைத்துப் போனவன். போன முதல் வாரம் வார்டில் ஒரே சமயத்தில் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் பெண்கள் அலறுவதைக் கேட்டு, தப்பான மாநிலத்தில் இறங்கிவிட்டோமோ என்று பயந்துபோனேன். சிஸ்டருக்கு மூன்றும் தண்ணீர் பட்ட பாடு. தெலுங்கில் திட்டுவார், கன்னடத்தில் சமாதானம் சொல்வார், உத்தரவு போடுவது மட்டும் தமிழில்.

ஆள் ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு. ஊத்தங்கரைப் பக்கம், மழையை நம்பிக் கம்பும் கேழ்வரகும் விதைக்கிற குடும்பம். பிரசவ வார்டு முழுக்க அவர் பொறுப்பு. எதைக் கேட்டாலும் "மொதலாவது..." என்று ஆரம்பிப்பார். முதலாவது விஷயத்தைச் சொல்லி முடித்துவிட்டுப் போய்விடுவார். நாம் இரண்டாவதுக்காகக் காத்துக்கொண்டு நிற்போம்.

"ரெண்டாவது என்ன சிஸ்டர்?" என்று சேர்ந்த புதிதில் நானும் ஏமாந்து கேட்டிருக்கிறேன்.

"மொதலாவத முடிச்சுட்டியா?"

"இன்னும் இல்ல..."

"அப்பறம் ரெண்டாவது என்னாத்துக்கு ஒனக்கு? அதுபாட்டுக்கு இருக்கட்டும், ஓடியா போயிடும்?"

கல்யாணம் ஏன் பண்ணிக்கொள்ளவில்லை என்று ஒரு தைரியமான நாளில் கேட்டுப் பார்த்தேன். அது அவருடைய லிஸ்டில் ஏழாவதாக இருந்ததாம். நாலாவதைத் தாண்டுவதற்குள் ஐம்பது வயதாகிவிட்டது என்றார். வருத்தமாகச் சொன்ன மாதிரி தெரியவில்லை.

ஓசூர் பஸ்ஸில் அவர் ஏறினால் கண்டக்டர் தலையில் கை வைத்துக்கொள்வார். ஏறின உடனே ஒரு பார்வை. யாருக்கு முதலில் சீட் வேண்டும், யாருக்கு அப்புறம் என்று மனசுக்குள் வரிசை போட்டுவிடுவார். "ஏம்ப்பா நீலச் சட்ட, எந்திரி. யம்மா கொழந்தக்காரி, நீ ஒக்காரு. பெரியவரே, நீங்க அடுத்த ஸ்டாப்ல, அந்தம்மா எறங்கும்." நீலச் சட்டைக்காரர் ஒரு தடவை எதிர்த்துப் பேசினார். அவர் கம்பெனியில் ஃபோர்மேனாம். "கம்பெனில நீ ஃபோர்மேனு. இங்க ஒனக்கு ஒம்பதாவது நம்பரு" என்று சொல்லிவிட்டு அவர் மடியிலேயே ஒரு குழந்தையை உட்கார வைத்துவிட்டார். உத்தனப்பள்ளி வரை அந்த மனிதர் குழந்தைக்கு வேடிக்கை காட்டிக்கொண்டே வந்தார்.

வார்டுக்குள் ஒரு நாள் பாம்பு வந்தது. நாகம்தான், சந்தேகமே இல்லை. எல்லோரும் கத்திக்கொண்டு ஓடினோம். சிஸ்டர் மட்டும் நடுவில் நின்று, "மொதலாவது, மூணாம் நம்பர் கட்டில். தையல் போட்ட பொண்ணு, அவளால ஓட முடியாது. தூக்குங்க!" என்று குரல் கொடுத்தார். வரிசையாக ஒவ்வொரு கட்டிலாகக் காலி ஆயிற்று. பாம்பும் பொறுமையாகக் காத்திருந்தது என்றுதான் எனக்கு ஞாபகம். மேஜை மேல் ஏறி நின்றுகொண்டு, "சிஸ்டர், நானு? நானு?" என்று அழாத குறையாகக் கேட்டேன்.

"நீ கடசி. ஒன்னக் கடிச்சா பாம்புக்குத்தான் கெடுதல்."

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. இன்னொரு வியாதி அவருக்கு இருந்தது. எந்தப் பழக்கத்தைப் பார்த்தாலும் "யாரு சொன்னா?" என்று கேட்பது. எங்கள் வார்டில் விடியற்காலை நாலு மணிக்கு எல்லா நோயாளியையும் எழுப்பி ஜுரம் பார்ப்பார்கள். தூங்குகிற பெண்ணை எழுப்பி, "தூக்கம் வருதா?" என்று வேறு கேட்பார்கள். யார் சொன்னது என்று சிஸ்டர் தோண்ட ஆரம்பித்தார். பழைய ஆயா, பழைய கம்பவுண்டர் என்று விசாரித்துக்கொண்டே போனதில், எந்தக் காலத்திலோ இருந்த ஒரு டாக்டர் அஞ்சு மணி பஸ்ஸைப் பிடித்து ஊருக்குப் போகிறவராம். கிளம்புவதற்கு முன்னால் ஜுரக் கணக்கைப் பார்க்க வேண்டும் என்பதற்காக வைத்த நேரமாம் அது. டாக்டர் போய்விட்டார், பஸ்ஸும் நின்றுவிட்டது, நாலு மணி மட்டும் நிலைத்துவிட்டது. சிஸ்டர் மறுநாளே அதை ஆறரைக்கு மாற்றினார்.

இப்போது நாகரத்னாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வராது.

நாகரத்னா உத்தனப்பள்ளிப் பக்கத்துப் பெண். புருஷனுக்கு ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. அவளுடைய முதல் குழந்தை எங்கள் ஆஸ்பத்திரி கேட்டுக்கும் வாசல்படிக்கும் நடுவில், வெட்டவெளியில் பிறந்தது. அழவே இல்லை. சிஸ்டர் மண்ணில் முட்டி போட்டு உட்கார்ந்து என்னென்னவோ செய்து பார்த்தார். நெடுநேரம் விடவில்லை. கடைசியில் பெரிய டாக்டர் அவர் தோளைத் தொட்டுப் போதும் என்று சொல்ல வேண்டியதாயிற்று.

நான் ரிஜிஸ்டரில் எழுதினேன். காரணம் என்ற கட்டத்தில், "தாமதமாக வந்ததால்." எப்போதும் எழுதுகிற வரிதான்.

சாயங்காலம் சிஸ்டர் ரிஜிஸ்டரைச் சரிபார்க்க வந்தார். நான் எழுதினதில் தினமும் நாலு தப்பாவது கண்டுபிடித்துத் திருத்தாமல் அவர் வீட்டுக்குப் போனதில்லை. அன்றைக்கு அந்த வரியிலேயே விரலை வைத்துக்கொண்டு நின்றார்.

"யாரு சொன்னா?"

"எப்பவும் இப்படித்தானே எழுதறோம் சிஸ்டர்?"

"அவ எத்தினி மணிக்கு வீட்ட விட்டுக் கெளம்பினா?"

"தெரியாதே."

"தெரியாதத எப்பிடிடா தம்பி எழுதின?"

அவர் நேரே ரோட்டைத் தாண்டி எதிரே இருக்கும் பாய் டீக்கடைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"லேட்டா?" என்று பாய் கண்ணை அகல விரித்தார். "அந்தப் பொண்ணு மொத பஸ்ஸுக்கே வந்துருச்சே சிஸ்டர்! இதோ, இந்தப் புளியமரத்தடியிலதான் அவங்கம்மாவோட ஒக்காந்துகினு இருந்துது. ரெண்டு டீ, ஒரு பன்னு."

"வந்தவ உள்ள வர்றதுக்கு என்னா?"

"உள்ள வந்தா நீங்க அம்மாவ வெளிய தொரத்திடுவீங்க. வாயில பச்சத் தண்ணி ஊத்தமாட்டீங்க. அசையாம படுன்னுவீங்க. அதான் தாங்கற வரைக்கும் இங்க ஒக்காந்துகினு இருந்துட்டு, தாங்க முடியாதப்ப உள்ள ஓடுவாங்க. எல்லாரும் அப்பிடித்தான். எத்தினியோ வருஷமா நடக்கறதுதான? ஒங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. எங்கள் யாருக்குமே தெரியாது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீ குடிக்கிறவர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்த விஷயம், இந்தப் பக்கம் படித்தவர்கள் ஒருவருக்கும் தெரியாமல் இருந்திருக்கிறது. மற்ற பெண்கள் எப்போது எழுந்து ஓட வேண்டும் என்று சரியாகக் கணக்குப் போட்டுவிட்டார்கள். முதல் பிரசவக்காரி நாகரத்னாவுக்குக் கணக்கு கொஞ்சம் பிசகிவிட்டது.

இரண்டு நாள் சிஸ்டர் வாயிலிருந்து "மொதலாவது" வரவில்லை. வார்டே பயந்துபோய்விட்டது. மூன்றாம் நாள் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார்.

"தம்பி, இந்தப் பொண்ணு மறுபடியும் உண்டாவா. அப்ப அவ நேரத்தோட உள்ள வரணும். அவங்கம்மா பக்கத்துல இருக்கணும். இதான் மொதலாவது. இது முடியற வரைக்கும் எனக்கு வேற எதுவும் இல்ல."

பெரிய டாக்டரிடம் போனார். டாக்டர் தங்கமான மனுஷர்தான், ஆனால் காகிதத்தில் இல்லாத எதையும் நம்பமாட்டார். பிரசவ அறைக்குள் வெளியாள் வரக்கூடாது என்பது ரூல் என்றார். யாரு சொன்னா என்று சிஸ்டர் கேட்டார். என்னை ஃபைல் தேடச் சொன்னார்கள். இரண்டு நாள் தூசியில் தும்மித் தும்மித் தேடினேன். அப்படி ஒரு ரூலே எந்த ஃபைலிலும் இல்லை. கதவில் ஒரு போர்டு மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது: "அந்நியர் உள்ளே வரக்கூடாது."

"பார்த்தீங்களா, போர்டு இருக்கு!" என்றார் டாக்டர், ஜெயித்த குரலில்.

"பெத்த அம்மா அந்நியரா சார்?"

"சிஸ்டர், உணர்ச்சிவசப்பட்டுப் பேசினா எப்படி? ஆள் கூடினா கிருமி வரும். வராதுன்னா, அத முறையா ஆராய்ச்சி பண்ணி நிரூபிக்கணும். ஆராய்ச்சி பண்றதுக்கு நாம யாரு?"

அத்தோடு அது நின்றது. ஒரு வருஷத்துக்கு மேல் நின்றது. நாகரத்னா மறுபடியும் உண்டாகி, ஏழு மாதம் ஆகிவிட்டது என்று உத்தனப்பள்ளியிலிருந்து செய்தி வந்த அதே வாரம், மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. நான்தான் கவரைப் பிரித்தேன். செவிலியர் பணியிலும் மகப்பேற்றிலும் எந்தெந்த விஷயங்களை ஆராய வேண்டும், அதில் எதை முதலில் ஆராய வேண்டும் என்று ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் வரிசைப்படுத்தி எழுதி அனுப்ப வேண்டுமாம்.

சிஸ்டர் அதை நின்றபடியே மூன்று முறை படித்தார். "எதை முதலில்" என்று ஒரு சர்க்கார் காகிதம் கேட்கிறது! அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

"தம்பி, இது எனக்கே எழுதின லெட்டர்டா!"

ஆனால் பெரிய டாக்டர் அதற்குள் லிஸ்ட் தயார் செய்துவிட்டார். ஒன்று, கிராமப்புறப் பெண்கள் பிரசவத்துக்குத் தாமதமாக வருவதற்குக் காரணமான அறியாமை. இரண்டு, புதிய ஊசி மருந்துகள். மூன்று, செவிலியர் சீருடை. என்னிடம் கொடுத்து, மூன்று காப்பி டைப் அடிக்கச் சொன்னார். நான் கார்பன் பேப்பரைச் செருகிக்கொண்டிருக்கும்போது சிஸ்டர் என் மெஷினிலிருந்து காகிதத்தை உருவினார்.

"சார், இது யாருக்காகப் பண்ற ஆராய்ச்சி?"

"பிரசவத்துக்கு வர்ற பெண்களுக்காக."

"அப்ப எது மொதல்லன்னு அவங்களயே கேட்டுடலாமே?"

"அவங்களுக்குப் படிக்கத் தெரியாதே, சிஸ்டர்."

"ஓட்டுப் போடறாங்க இல்ல சார்?"

டாக்டர், கேட்டுத்தான் பாருங்களேன் என்று சிரித்துக்கொண்டே அனுமதி கொடுத்துவிட்டார். அவர் செய்த தப்பு அதுதான்.

கர்ப்பிணிப் பெண்கள் பரிசோதனைக்கு வருகிற நாள் பார்த்து, வராந்தாவில் ஒரு பெஞ்சு போட்டு, சிஸ்டர் ஐந்து எனாமல் தட்டுகளை வரிசையாக வைத்தார். ஒவ்வொரு தட்டுக்குப் பின்னாலும் ஒரு சாமான். காபி டம்ளர்: வலி வந்த பிறகு ஏதாவது குடித்தால் தப்பா? செருப்பு: நடக்கலாமா, படுத்தே கிடக்க வேண்டுமா? முக்காலி: அம்மாவோ அக்காவோ பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் நல்லதா, கெட்டதா? ஊசி, டாக்டருடைய இரண்டாவது. சீருடையை யாரும் கேட்கமாட்டார்கள் என்று டாக்டரே விட்டுவிட்டார். ஐந்தாவது ஒரு சிலேட்டு. வருகிற ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு புளியங்கொட்டை. எதை முதலில் கண்டுபிடிக்க வேண்டுமோ அந்தத் தட்டில் போட வேண்டும். சிஸ்டர் மூன்று பாஷையிலும் விளக்கிச் சொன்னார். நான் தேர்தல் அதிகாரி. நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்.

"சிலேட்டு என்னாத்துக்கு?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"ஒங்களுக்கெல்லாம் ஏன் அறிவு இல்லன்னு கண்டுபிடிக்கறதுக்கு" என்றார் சிஸ்டர், முகத்தை அசைக்காமல்.

அந்தப் பெண் சிலேட்டை ஒரு பார்வை பார்த்தாள், என்னையும் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு முக்காலித் தட்டில் கொட்டையைப் போட்டாள்.

மத்தியானத்துக்குள் தேர்தல் சூடு பிடித்துவிட்டது. ஆயா முனியம்மா முக்காலிக்கு எதிராகப் பிரசாரம் செய்தார். "ஆளாளுக்கு உள்ள வந்து ஒக்காந்தா நான் எங்க நிக்கறது? டம்ளருக்குப் போடுங்க, டம்ளருக்கு!" ஒரு மாமியார், தனக்கு எட்டுப் பிரசவம் ஆகியிருப்பதால் எட்டுக் கொட்டை வேண்டும் என்று சண்டைக்கு வந்தார். பாய் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்து, பார்வையாளராக நின்று கள்ள ஓட்டு விழாமல் கவனித்துக்கொண்டார். இன்னொரு பெண் கொட்டையை எங்கும் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு அழுதாள். சிஸ்டர் அவளைத் தனியாகக் கூட்டிப்போய்ப் பேசிவிட்டு வந்தார். வந்ததும் அவள் முக்காலிக்குப் போட்டாள். என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

முடிவைப் பற்றிச் சந்தேகமே இல்லை. முக்காலித் தட்டு நிரம்பி வழிந்தது. டம்ளர் இரண்டாவது, செருப்பு மூன்றாவது, ஊசி பாவம். சிலேட்டுக்கு ஒரே ஒரு ஓட்டு விழுந்திருந்தது. அது பெரிய டாக்டர் அந்தப் பக்கமாக நடந்துபோனபோது போட்டது. தேர்தல் அதிகாரி என்ற முறையில் நான் என் கண்ணால் பார்த்தேன்.

ஆனால் டாக்டர் ஒத்துக்கொள்ளவில்லை. "இது ஆராய்ச்சியா சிஸ்டர்? அம்மா பக்கத்துல ஒக்காரலாமான்னு எழுதி அனுப்பினா மேலிடத்துல சிரிப்பாங்க. இதுல கண்டுபிடிக்க என்ன இருக்கு?"

"நீங்க கிருமி வரும்ங்கறீங்க. நான் வராதுங்கறேன். ரெண்டு பேருக்குமே தெரியாது இல்ல சார்? தெரியாததக் கண்டுபிடிக்கறதுக்குத்தான ஆராய்ச்சி?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, பழைய லிஸ்டையே அடிக்கும்படி என்னிடம் சொன்னார். சிஸ்டர் கோபப்படவில்லை. "சார், எதிர்க்கட டீ ஒரு தடவகூட நீங்க குடிச்சதில்ல இல்ல? வாங்க, ஒரு டீ சாப்புடலாம்" என்றார். அத்தனை வருஷத்தில் அவர் யாரையும் டீ குடிக்கக் கூப்பிட்டு நான் பார்த்ததில்லை. டாக்டரும் மறுக்க முடியாமல் எழுந்தார்.

புளியமரத்தடியில் பச்சைச் சேலை கட்டின ஒரு நிறைமாதப் பெண் அம்மாவோடு உட்கார்ந்திருந்தாள். டாக்டரைப் பார்த்ததும் இருவரும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

"ஏம்மா, இங்க என்ன பண்றே?"

"பஸ்ஸுக்கு நிக்கறேன் சார்."

"எந்த பஸ்ஸு?"

"ஓசூர்" என்றாள் மகள். "ராயக்கோட்ட" என்றாள் அம்மா, அதே நொடியில். நேரம் பாருங்கள், இரண்டு பக்கத்திலிருந்தும் இரண்டு பஸ்களும் வந்து நின்றன. கண்டக்டர்கள் கூவினார்கள். இரண்டு பேரும் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. பஸ்கள் புறப்பட்டுப் போயின. அதற்குள் அந்தப் பெண் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தாள்.

"ஒண்ணுமில்ல சார், கால் மரத்துப்போச்சு."

என்ன இருந்தாலும் அவர் டாக்டர். கடிகாரத்தைப் பார்த்தார், காத்திருந்தார். சில நிமிஷத்தில் அவள் கால் மறுபடியும் மரத்துப்போயிற்று. "எப்பலேருந்து வலி?" என்று மெதுவாகக் கேட்டார்.

"நேத்து சாயந்தரத்துல இருந்து சார்."

"உள்ள வாம்மா."

அவள் அம்மாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அம்மாவும் விடவில்லை. "வரமாட்டாங்க சார்" என்றார் பாய், பாய்லருக்குப் பின்னாலிருந்து. "இன்னும் கொஞ்சம் தாங்குவாங்க."

டாக்டர் கையில் டீ ஆறி ஆடை படிந்துவிட்டது. என் பக்கம் திரும்பி, "தாமதமாக வந்ததால்னு நாம எத்தன தடவ எழுதியிருப்போம்?" என்று கேட்டார். நிறைய சார் என்றேன். அவர் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். "ரெண்டு பேரும் வாங்கம்மா" என்றார்.

அன்று சாயங்காலம் புது லிஸ்ட் டைப் அடித்தேன். முக்காலி முதலாவது. அதோடு, ஒரு மாதத்துக்குச் சோதனையாக ஒவ்வொரு பெண்ணுடனும் ஒரே ஒரு ஆளை உள்ளே விடலாம் என்று டாக்டர் உத்தரவு போட்டார். கிருமி வந்தால் சிஸ்டர் பொறுப்பு. ரிஜிஸ்டரில் மூன்று கட்டம் புதிதாகக் கோடு போட்டேன். வந்த நேரம், கூட இருந்தவர், உறவு.

ஆராய்ச்சியின் முடிவு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். இப்போதே சொல்லிவிடுகிறேன். எங்கள் லிஸ்டைப் பெற்றுக்கொண்டதாக மேலிடத்திலிருந்து ஒரு வரி வந்தது. அதற்கப்புறம் ஒன்றும் வரவில்லை. ஆனால் ஒரு மாதம் கழித்துப் பாய் வந்து சத்தம் போட்டார். "என்னா சிஸ்டர், என் பொழப்புல மண்ணப் போட்டுட்டீங்களே! மரத்தடியில ஒரு ஆள் இல்ல. எல்லாம் வந்ததும் வராததுமா உள்ள போயிடுதுங்க. பன்னு அப்பிடியே காஞ்சு கெடக்குது!" பெரிய டாக்டர் அதைக் கேட்டார். கிருமியும் வந்த மாதிரி தெரியவில்லை. ஒரு மாதம் என்றது அப்படியே நிரந்தரமாகிவிட்டது. இதைவிடத் தெளிவான ஆராய்ச்சி முடிவு நான் பார்த்ததில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது நாகரத்னா வந்த நாளைப் பற்றி. சோதனை ஆரம்பித்த வாரமே சிஸ்டர் பஸ் ஏறி உத்தனப்பள்ளிக்குப் போனார். நாகரத்னா எங்கள் ஆஸ்பத்திரிப் பக்கமே வரமாட்டேன் என்றாளாம்.

"இந்தத் தடவ ஒங்கம்மா உள்ள வருவாங்க. நான் சொல்றேன்" என்றிருக்கிறார் சிஸ்டர்.

"நீங்க சொல்லுவீங்க. வந்தப்பறம் தொரத்தினா?"

"தொரத்தினா நானும் அவங்களோட வெளிய வந்து நிக்கறேன். போதுமா?"

போதும் என்று அவள் சொல்லவில்லை. சும்மா தலையை ஆட்டினாளாம். திரும்பி வந்த சிஸ்டருக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. வருவாளா மாட்டாளா என்று என்னிடமே நாலு தடவை கேட்டுவிட்டார். சிஸ்டர் என்னிடம் அபிப்பிராயம் கேட்டது அதுதான் முதல் தடவை. வருவாள் சிஸ்டர், கட்டாயம் வருவாள் என்று நானும் நாலு தடவை சொன்னேன். எனக்கு என்ன தெரியும்?

வந்தாள். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை வந்தாள். லேசாக முதுகு வலித்தாலே பெட்டி, பாய், தலையணை, ஃபிளாஸ்க், அம்மா எல்லாவற்றோடும் வந்து இறங்கினாள். பொய் வலி என்று முதல் இரண்டு தடவையும் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. முனியம்மா முணுமுணுத்தார். "வரட்டும் முனியம்மா, தெனமும் வரட்டும்! ஒனக்கு என்னா, நீயா சொமக்கற?" என்றார் சிஸ்டர். முகமெல்லாம் சிரிப்பு.

மூன்றாம் தடவை நிஜ வலி. காலை எட்டரை மணிக்கு, தன் காலால் நடந்து, கேட்டைத் தாண்டி, படியேறி உள்ளே வந்தாள். வந்த நேரம் என்ற கட்டத்தில் எட்டரை என்று எழுதி, அதற்கு அடியில் ஒரு கோடும் போட்டேன். இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

அவள் அம்மாவோ ஆர்ப்பாட்டமாக இருந்தார். "அஞ்சு பெத்தவ நானு. எனக்கு யாரும் சொல்லித் தர வேணாம்" என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போனார். முக்காலியில் உட்கார்ந்தார். முனியம்மா கதவிடுக்கில் நின்றுகொண்டு, வராந்தாவில் இருந்த எனக்கும் டாக்டருக்கும் நேரடி வர்ணனை கொடுத்தார்.

"தண்ணி குடுக்கறாங்க... முதுகத் தேச்சி உடறாங்க... இப்ப நல்லா முக்கறா பொண்ணு... ஐயையோ!"

"என்ன? என்ன ஆச்சு?" என்று டாக்டர் எழுந்தே விட்டார்.

"அந்தம்மா மயக்கம் போட்டு உழுந்துட்டாங்க!"

அஞ்சு பெற்றவர்தான். ஆனால் ஒன்றைக்கூட எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்ததில்லை அல்லவா? நானும் முனியம்மாவும் தாங்கிப் பிடித்து வெளியே கொண்டுவந்து வராந்தாவில் கிடத்தினோம். உள்ளே நாகரத்னா அம்மா அம்மா என்று கதறுகிற சத்தம் கேட்டது. போச்சு, எதற்காக இத்தனையும் செய்தோமோ அது போச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

முனியம்மா மறுபடியும் கதவிடுக்குக்கு ஓடினார். "சிஸ்டரு... சிஸ்டரு முக்காலில ஒக்காந்துட்டாங்க!"

"அப்ப பிரசவம் யாரு பாக்கறது?" என்றார் டாக்டர்.

"சின்ன நர்ஸு பாக்குது! சிஸ்டரு வாயால சொல்லிகினே இருக்காங்க. கை ரெண்டும் அந்தப் பொண்ணுகிட்ட. அவ புடிச்ச புடியில சிஸ்டரு கண்ணுல தண்ணி வருது!"

அப்புறம் முனியம்மா வர்ணனையை நிறுத்திவிட்டார். ரொம்ப நேரம் போன மாதிரி இருந்தது. டாக்டர் வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளேயிருந்து அந்தச் சத்தம் வந்தது. அப்பா, என்ன அழுகை! ரோட்டுக்கு அந்தப் பக்கம் பாய் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். பெரிய டாக்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார், நான் பெற்ற மாதிரி.

மத்தியானம் ரிஜிஸ்டரோடு போனேன். நாகரத்னாவின் அம்மா தெளிந்து எழுந்து சுவரில் சாய்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். கூட இருந்தவர் என்ற கட்டத்தில் உங்கள் பேரை எழுதட்டுமா என்று கேட்டேன்.

"நான் எங்க கூட இருந்தேன்? நான் தரையில இல்ல கெடந்தேன்! சிஸ்டரு பேர எழுதுங்க."

"உறவுன்னு ஒரு கட்டம் இருக்கே, அதுல என்ன போட?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "எனக்கு அக்கா. எம் பொண்ணுக்குப் பெரியம்மா. அப்பிடியே எழுதுங்க" என்றார்.

பெரியம்மா என்று எழுதினேன். எழுதும்போதே தெரியும், சாயங்காலம் எனக்கு நல்ல டோஸ் இருக்கிறது என்று. சர்க்கார் ரிஜிஸ்டரில் இல்லாத சொந்தத்தை எழுதினால் சிஸ்டர் சும்மா விடுவாரா?

வழக்கம்போல வந்து உட்கார்ந்தார். வலது கை வீங்கியிருந்தது. குழந்தையின் எடையைத் தப்பாக எழுதியிருந்தேன், திருத்தினார். பிறந்த நேரத்தில் அஞ்சு நிமிஷம் குறைவு, அதையும் திருத்தினார். பிறகு அந்தக் கட்டத்துக்கு வந்தார். படித்தார். நான் டைப்ரைட்டரில் ரிப்பன் மாற்றுகிறவன் மாதிரி குனிந்துகொண்டேன். நிமிர்ந்து பார்த்தால், மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அந்த ஒரு சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மணியாச்சு தம்பி, வீட்டுக்குப் போ" என்றார். ரிஜிஸ்டரை மூடிவிட்டார்.

அதை அவர் திருத்தவே இல்லை. மாதக் கடைசியில் மேலிடத்துக்குப் போன கணக்கிலும் அது அப்படியேதான் போயிற்று. பிற்காலத்தில் யாராவது பெரிய ஆராய்ச்சியாளர்கள் அந்தக் காகிதத்தைத் தூசி தட்டி எடுத்து, இந்த ஒரு பதிவு மட்டும் தவறு என்று சொன்னால், தயவுசெய்து நம்பாதீர்கள்.